உருவப்படத்துக்கு மிஸ்ட் பில்ரர்: தெரிவு முதல் அச்சு வரை

லென்சின் முன்னால் பூட்டும் மிஸ்ட் போன்ற டிஃப்யூஷன் (ஒளியைச் சிதறடிக்கும்) பில்ரரை, முகப்பருவையும் சுருக்கத்தையும் மறைக்கும் கண்ணாடி என்று நம்பி வாங்குகிறவர்கள்தான் கூட. அந்த நம்பிக்கை முதல் நாளே கசந்துபோகும். தோல் எது, சேலை எது என்று இந்தக் கண்ணாடிக்குப் பிரித்தறியத் தெரியாது. பிரேமுக்குள் எது அதிகம் ஒளிர்கிறதோ, அதன் வெளிச்சத்தில் ஒரு பங்கை எடுத்துச் சுற்றிலும் கசிய விடும். அவ்வளவுதான் அதன் வேலை. குத்துவிளக்குச் சுடரும், அட்டியலின் மினுக்கமும், நெற்றி வியர்வையும், மணவறைக்குப் பின்னால் எரியும் எல்.ஈ.டி. லைற்றும் அதற்கு ஒன்றுதான். எந்த வெளிச்சம் கசிந்தால் வடிவு, எது கசிந்தால் படம் கெடும் என்று படமெடுப்பவர்தான் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். பில்ரரின் எண் (அதன் வலிமையைச் சொல்லும் 1/8, 1/4 போன்ற அளவு; 1/8 மெல்லியது, 1/4 அதைவிட வலியது), லென்சின் நீளம், ஆளை நிறுத்தும் இடம் எல்லாம் அந்த முடிவிலிருந்து வருபவை.

கண்ணாடிக்குள் நடப்பது

மிஸ்ட் வகைப் பில்ரருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் பரவிக் கிடக்கும். வருகிற ஒளியில் பெரும்பகுதி நேராகக் கடந்து லென்சுக்குள் போய்க் கூர்மையான படத்தை உண்டாக்கும். மிச்சம் துகள்களில் பட்டுச் சிறிய கோணத்தில் விலகி, அதே படத்தின் மேல் மங்கலான இன்னொரு படலமாக விழும். கண்ணிமை மயிர் கூர்மையாகவே இருக்க, விளக்கைச் சுற்றி மட்டும் ஒளிவட்டம் தெரிவது இதனால்தான். போக்கஸ் தவறிய படத்தில் இந்த இரட்டைத் தன்மை இராது. அங்கே எல்லாமே சேர்ந்து மங்கும்.

விலகும் கோணம் பில்ரருக்குள் நிலையானது. ஆனால் அந்தக் கோணம் சென்சரில் எவ்வளவு தூரத்துக்குப் பரவும் என்பதை லென்சின் குவியத் தூரம் தீர்மானிக்கிறது. 35 மி.மீ. லென்சில் ஒரு சுடரைச் சுற்றி வரும் வட்டம், அதே பில்ரரோடு 85 மி.மீ. லென்சில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரிதாக வரும். ஆகவே "1/4 நல்லதா, 1/8 நல்லதா" என்ற கேள்விக்கு லென்சைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. சிறிய சென்சருள்ள ஏ.பி.எஸ்.-சி கமராவில் 56 மி.மீ. வைத்திருப்பவர், பெரிய சென்சருள்ள புல்-பிரேமில் 85 மி.மீ. வைத்திருப்பவருக்குச் சொல்லப்படும் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் பார்க்கும் கோணம் ஏறக்குறைய ஒன்று. ஒளிவட்டம் படத்தில் பிடிக்கும் இடமும் ஒன்று.

கசியும் ஒளி இருண்ட இடங்களிலும் விழும். கறுப்புக் கூந்தல் சாம்பலாகத் தெரிவது அதனால். இதைக் குறைக்கத்தான் "பிளாக்" என்ற பெயருள்ள பில்ரர்களில் கறுப்புத் துகள்களும் கலக்கப்படுகின்றன. சிதறும் ஒளியில் ஒரு பங்கை அவை விழுங்கிக்கொள்ளும். நமது மாநிறத் தோலுக்கும் கருங்கூந்தலுக்கும் கறுப்பு வகையே பொருத்தம். வெள்ளை மிஸ்ட் போட்டால் கன்னத்தின் நிழற்பக்கம் சாம்பல் பூத்து, முகத்தின் உருட்சி போய்விடும்.

இந்த விளைவை லைற்றூமிலோ போட்டோஷொப்பிலோ செய்ய முடியாதா என்று கேட்கலாம். பாதிதான் முடியும். சென்சரில் வெள்ளை வேட்டியும் விளக்குச் சுடரும் இரண்டுமே உச்சத்தில் அடித்து 255 ஆகப் பதிவாகிவிட்டால், சுடர் வேட்டியைவிடப் பல மடங்கு பிரகாசமானது என்ற விவரம் கோப்பில் இல்லை. மென்பொருள் இரண்டையும் ஒரே அளவில் கசிய விடும். வேட்டியும் விளக்காக எரியும். பில்ரர் வேலை செய்வது சென்சருக்கு முன்னால், உண்மையான வெளிச்ச அளவுகளோடு. அதன் விளைவு இயல்பாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். மறுபக்கத்தில், பில்ரர் போட்டு எடுத்ததைப் பின்னர் முழுதாகக் கழற்ற முடியாது. முக்கியமான ஒவ்வொரு நிலையிலும் பில்ரர் இல்லாமலும் ஒன்று எடுத்து வைக்கச் சொல்வது அதற்காக.

எதை வாங்குவது

கடையில் "சொஃப்ற் பில்ரர்" என்று ஒரே பெயரில் தருபவற்றுள் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஸைஸ் நிறுவனத்தின் சொஃப்டார் போன்றவை ஒரு குடும்பம். அவற்றின் மேற்பரப்பில் நுண்ணிய லென்ஸ் குமிழிகள் இருக்கும். தோலின் நுண்விவரத்தையே கரைக்கும். 1, 2, 3 என மூன்று தரத்தில் வந்தன. பழைய ஸ்ரூடியோப் படங்களில் முகம் பாலில் தோய்ந்தது போலத் தெரிவது இந்த வகையால். இவற்றில் அப்பர்ச்சரை, அதாவது லென்சின் ஒளித்துளையை, மூட மூட, படத்துக்குப் பயன்படும் குமிழிகள் குறைந்து விளைவும் மாறக்கூடும். மற்றது மிஸ்ட் குடும்பம்: டிஃபனின் பிளாக் புரோ-மிஸ்ட், அதன் தாய் வகையான வெள்ளைப் புரோ-மிஸ்ட், கிளிமர்கிளாஸ், நிசி பிளாக் மிஸ்ட், கே அண்ட் எஃப் பிளாக் மிஸ்ட், மொமென்ட் சினிபுளூம், ஹோயா மிஸ்ட் டிஃப்யூசர் முதலியன. இன்று உருவப்படத்துக்கு ஒன்று மட்டும் வாங்குவதானால் கறுப்பு மிஸ்ட் வாங்கவேண்டும். வேறு யோசனை தேவையில்லை.

எண்களில் கவனம் தேவை. பிளாக் புரோ-மிஸ்ட் 1/8, 1/4, 1/2, 1, 2 என ஏறிப் போகும். சினிபுளூம் 5, 10, 20 சதவீதம் என்று எழுதும். கிளிமர்கிளாஸ் 1 முதல் 5 வரை. கென்கோ பெட்டியில் "நம்பர் 05" என்று இருப்பது "நம்பர் 1" ஐ விட மெல்லியது, அது 0.5 என்ற கணக்கு. எனவே ஒரு நிறுவனத்தின் 1/4 இன்னொன்றின் 1/4 ஆக இருக்கவேண்டும் என்றில்லை. திருமண வேலைக்கு இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் இருவரும் ஒரே நிறுவனம், ஒரே எண். இல்லாவிட்டால் அல்பத்தில் அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டு கலியாணம் போலத் தெரியும்.

லென்ஸ் வாரியாக, புல்-பிரேம் கணக்கில், தொடங்குவதற்கு:

35 மி.மீ. – 1/4
50 மி.மீ. – 1/4, பிரேமுக்குள் லைற் தெரிந்தால் 1/8
85 மி.மீ. – 1/8
135 மி.மீ.க்கு மேல் – 1/8, அல்லது ஒன்றுமே வேண்டாம்

1/2 உம் அதற்கு மேலும் உருவப்படத்தில் அபூர்வமாகவே பயன்படும். வெளிச்சம் மிகத் தட்டையாக, பிரேமுக்குள் எந்த லைற்றும் மினுக்கமும் இல்லாத மப்பு நாளில் மட்டும் 1/2 கொஞ்சம் பேசும். முதலாவதாக வாங்கும் பில்ரர் 1/8 ஆக இருக்கட்டும். "விளைவு தெரியவில்லை" என்று கடையில் வைத்துப் பார்த்து 1/2 வாங்கிப் போகிறவர்கள், முதல் விளக்கைக் கண்டவுடன் கழற்றிவிடுவார்கள்.

விட்டம்

லென்சின் முன்வளையத்தில் குறுக்குக் கோடிட்ட வட்டக் குறியோடு எழுதியிருக்கும் எண்தான் பில்ரர் விட்டம். கனன் ஈ.எஃப். 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.ரி.எம். – 49, கனன் ஈ.எஃப். 85 எஃப் 1.8 – 58. நிக்கன் 85 எஃப் 1.8 ஜீ, சோனி எஃப்.ஈ. 85 எஃப் 1.8 இரண்டும் – 67. 70–200 எஃப் 2.8 லென்சுகள் பெரும்பாலும் 77. ஒவ்வொன்றுக்கும் தனிப் பில்ரர் வாங்குவது வீண் செலவு. இருக்கிற பெரிய லென்சின் விட்டத்துக்கு ஒன்று வாங்கி, சிறிய லென்சுகளுக்கு ஸ்ரெப்-அப் வளையம் போடலாம். பெரிய லென்சுக்குச் சிறிய பில்ரர் போடும் ஸ்ரெப்-டவுன் வளையம் மூலைகளை இருட்டாக்கும்.

ஸ்ரெப்-அப் வளையத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. பெரிய பில்ரர் பூட்டிய பின் லென்சின் சொந்த ஹூட், அதாவது பக்கவெளிச்சத்தை மறைக்கும் முன்வளையம், ஏறாது. இந்தப் பில்ரருக்கு ஹூட் மிகவும் தேவை. அடிக்கடி பயன்படுத்தும் ஒரு லென்சுக்காவது – பெரும்பாலும் அது 85 – சரியான விட்டத்திலேயே வாங்கி, ஹூட்டோடு பாவிப்பது நல்லது. திருமண வீட்டில் ஓடி ஓடி எடுப்பவர்களுக்குக் காந்த வளையப் பில்ரர் வசதி. ஒரு விநாடியில் கழரும். நெரிசலில் தட்டுப்பட்டால் அதே ஒரு விநாடியில் கீழேயும் விழும்.

யூ.வி. பில்ரர் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு மிஸ்ட் பூட்டுங்கள். இரண்டு கண்ணாடிக்கும் இடையில் விளக்கின் பிம்பம் தெறித்து, படத்தில் பச்சைப் புள்ளியாக எதிர்ப்பக்கத்தில் நிற்கும்.

வீட்டில் முதற் சோதனை

வேலைக்குக் கொண்டு போவதற்கு முன் ஒரு பின்னேரம் வீட்டில் ஒதுக்குங்கள். வேண்டியது கறுத்த கூந்தலுள்ள ஒருவர், ஒரு வெள்ளைச் சால்வை, ஒரு குத்துவிளக்கு அல்லது கைத்தொலைபேசி ரோச், ஒரு யன்னல்.

1. ஆளை யன்னலுக்குப் பக்கவாட்டில், ஒரு மீற்றர் தள்ளி இருத்துங்கள். பின்னால் இருட்டான அறை தெரியட்டும். விளக்கு ஆளின் தோளுக்குப் பின்னால், பிரேமுக்குள்.

2. கமராவை மானுவலில் வைத்து, ரோ கோப்பாக, வைற் பலன்சை ஓட்டோவில் இல்லாமல் ஒரே அளவில் நிறுத்துங்கள். ஓட்டோவில் விட்டால் பில்ரரின் நிறச் சாய்வு தெரியாது. மலிவான சில பில்ரர்கள் மெல்லிய மஞ்சளுக்கோ பச்சைக்கோ சாயும். தெரிந்துவைத்தால் பின்னர் ஒரே திருத்தத்தில் சரிக்கட்டலாம்.

3. பில்ரர் இல்லாமல் எஃப் 2, எஃப் 4, எஃப் 8 மூன்றிலும் எடுத்து, பின் பில்ரர் பூட்டி அதே மூன்று. வேறு லென்ஸ் இருந்தால் அதிலும்.

4. விளக்கைப் பிரேமுக்குச் சற்று வெளியே நகர்த்தி, அதன் ஒளி கண்ணாடியில் நேராகப் படும்படி வைத்து மீண்டும் எடுங்கள். படம் முழுவதும் பால் ஊற்றினாற்போல வெளுக்கும். பிறகு கையால் அந்த ஒளியை மறைத்து ஒன்று. இந்த இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை ஒருமுறை பார்த்தவர் ஹூட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகமாட்டார்.

5. கணினியில் ஒப்பிடும்போது நூறு வீதம் பெருப்பிக்காமல் முழுப்படமாகப் பாருங்கள். பெருப்பித்தால் இமை கூர்மையாக இருக்கிறதா என்று மட்டுமே தெரியும்; ஒளிவட்டத்தின் அளவு முழுப்படத்தில்தான் விளங்கும்.

எஃப் 8, எஃப் 11 இல் வெறும் வெள்ளைச் சுவரையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அகல லென்சில் அப்பர்ச்சரை நன்றாக மூடினால், கண்ணாடியிலுள்ள துகள்களும் தூசும் மங்கிய புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். எந்த அளவுக்கு மேல் உங்களுடையது புள்ளி காட்டுகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால் வெளியில் தடுமாறத் தேவையில்லை.

ஆளைத் தயார்ப்படுத்தல்

யாழ்ப்பாண வெக்கையில் ஐந்து நிமிடம் நின்றாலே நெற்றியும் மூக்கும் மினுங்கத் தொடங்கும். பில்ரர் இல்லாத படத்தில் அது ஒரு சிறு வெள்ளைப் புள்ளி; பில்ரரோடு அந்தப் புள்ளி நாணயமளவு வெளுப்பாகப் பரவி, மூக்கின் வடிவையே குழப்பும். ரிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்; துடைக்க வேண்டாம், ஒப்பனை கிளம்பும். பிறகு மினுக்கமில்லாத பவுடர் மெல்லியதாக. மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்பவரிடம் மினுக்கும் ஹைலைற்றரைக் கன்ன எலும்பில் குறைத்துப் போடும்படி முதல் நாளே சொல்லிவிடலாம். அந்தப் பளபளப்பைப் பில்ரரே தரும்.

நகை தனிக் கதை. நெற்றிச்சுட்டி, தோடு, அட்டியல், தாலிக்கொடி என்று பவுணெல்லாம் கண்ணாடி போலத் தெறிக்கும் பரப்புகள். சிறிய, கடுமையான வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு தனிச் சூரியன். கமராவின் மேல் பிளாஷை நேரே அடித்து, 85 மி.மீ. லென்சில் 1/4 போட்டு எடுத்தால் அட்டியலின் வேலைப்பாடு முழுவதும் மஞ்சள் புகையாகிவிடும். நகை விவரமாகத் தெரியவேண்டிய படத்தில் பில்ரரைக் கழற்றுங்கள். பெண்வீட்டார் அல்பத்தில் முதலில் தேடுவது அதைத்தான். பில்ரரோடு எடுத்தே ஆகவேண்டுமானால் வெளிச்சத்தைப் பெரிதாக்குங்கள்: பெரிய சொஃப்ற்பொக்ஸ், அல்லது வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் பிளாஷ். வெளிச்சம் பெரிதானால் தங்கத்தில் புள்ளியாகத் தெறிக்காமல் பட்டையாகப் படரும், கசிவும் அடங்கும்.

கண்ணாடி அணிந்த முதியவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். மூக்குக்கண்ணாடியில் யன்னல் தெரிந்தால் அது கசிந்து கண்ணையே மூடும். கண்ணாடியின் காதுப்பக்கத்தை இரண்டு மூன்று மில்லிமீற்றர் உயர்த்தினால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், யன்னல் மறையும்.

விறாந்தை வெளிச்சம்

பழைய வீட்டு விறாந்தை இந்தப் பில்ரருக்குக் கிடைத்த வரம். ஆள் நிழலுக்குள், முற்றத்து வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து, பின்னால் இருண்ட கூடம். ஆளை விறாந்தை விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே நிறுத்தி, முற்றம் பிரேமுக்குள் வராமல் கூடத்தை நோக்கிக் கமராவைத் திருப்புங்கள். 85 மி.மீ., 1/8 பில்ரர், எஃப் 2.8, 1/250, ஐ.எஸ்.ஓ. 200 முதல் 400 வரை. பின்புலம் இருட்டு என்பதால் கசிவதற்கு இருப்பது முகத்தின் வெளிச்சப் பக்கமும் கண்ணில் தெரியும் யன்னற் புள்ளியும் மட்டும். கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறும் எல்லை மெதுவாக நழுவும். பில்ரர் முகத்துக்குச் செய்யும் உண்மையான நன்மை இந்த எல்லையில்தான் இருக்கிறது.

அதே ஆளை எதிர்ப்பக்கம் திருப்பி வெயில் முற்றம் பின்னால் தெரிய எடுத்தால், முற்றம் முழுவதும் கசிந்து கூந்தலின் விளிம்பைத் தின்னும். யாழ்ப்பாணப் பொது நூலகம் போன்ற பெரிய வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் நடுப்பகலில் எடுக்கும்போதும் நிலைமை இதுதான். விளக்கு சிறியது, அதன் கசிவு ஒரு வட்டத்தோடு நிற்கும். வெள்ளைச் சுவர் பிரேமில் பாதி, அதன் கசிவு மிச்சப் பாதி முழுவதையும் வெளுக்க வைக்கும். அங்கே பில்ரர் வேண்டாம். வெள்ளைப் பின்புலத்தில் எடுக்கும் கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்களுக்கும் கட்டாயம் கழற்றியாகவேண்டும்.

நடுப்பகல் வெயிலைப் பற்றியும் ஒரு சொல். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் யாழ்ப்பாணத்தில் நண்பகற் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். கண்குழியில் விழும் அந்தக் கறுப்பு நிழலை மிஸ்ட் பில்ரர் நிரப்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிழல் சிறிது சாம்பலாகும். முகம் அதே அவலத்தில்தான் இருக்கும். பிளாஷால் நிரப்பலாம் என்றால் இன்னொரு சிக்கல். ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/200 இல் முழு வெயிலுக்கு எஃப் 11 வேண்டும், அங்கேதான் கண்ணாடித் துகள்கள் தலைகாட்டும். ஒளியைக் குறைக்கும் சாம்பல் பில்ரரான என்.டி. 8 ஒன்றைச் சேர்த்தால் மூன்று ஸ்ரொப் (ஒரு ஸ்ரொப் என்றால் ஒளி பாதியாவது) குறைந்து எஃப் 4 இல் எடுக்கலாம். அதைவிட ஆளை வேப்பமர நிழலுக்குள் கொண்டுபோவது சுலபம்.

பண்ணையில் பின்னேரம்

யாழ்ப்பாண நகரையொட்டிய பண்ணைக் கடலோரம் மேற்கே திறந்திருப்பதால் மாலைப் படத்துக்கு ஆட்கள் கூடும் இடம். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். ஆனி, ஆடியில் ஆறரை வரை தாக்குப் பிடிக்கும். மறைவதற்கு முந்திய அரை மணிநேரம்தான் உங்களுக்கானது. அதற்கு முன் சூரியன் கடுமை, பில்ரர் தாங்காது.

சூரியனை ஆளின் தலைக்குப் பின்னால் மறைத்து, மயிரின் விளிம்பில் மட்டும் வெளிச்சம் பிடிக்கும்படி நில்லுங்கள். எஃப் 2.8, 1/500, ஐ.எஸ்.ஓ. 200 அளவில் தொடங்கலாம். முகத்தை நிரப்ப ஒரு ரெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) பலகை போதும். இரண்டடிக்கு மூன்றடி, ஆளின் நெஞ்சு உயரத்தில், முகத்தை நோக்கிச் சாய்த்து. முகத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச இடைவெளி குறையக் குறைய, கசிவு பண்போடு நடந்துகொள்ளும்.

சூரியன் பிரேமுக்கு வெளியே, ஆனால் கண்ணாடியில் படும் நிலைதான் மிக மோசம். படத்தில் சூரியனும் இல்லை, அழகும் இல்லை, வெளுப்பு மட்டும் இருக்கும். ஹூட் போதாவிட்டால் உதவியாளர் ஒரு கறுப்புக் குடையைப் பிடித்து லென்சுக்கு நிழல் கொடுக்கலாம். கண்ணாடியில் நிழல் விழுகிறதா என்று கமராவின் முன்னால் வந்து பார்த்தே உறுதி செய்யவேண்டும்.

கலியாண மண்டபம்

இங்கேதான் அதிகம் பிழை வருகிறது. மணவறைக்குப் பின்னால் நிற எல்.ஈ.டி., பக்கத்தில் வீடியோக்காரரின் தாங்கியில் இரண்டு பெரிய லைற், மேலே மின்விளக்குத் தோரணம், நடுவில் ஓமத் தீ. கண்ணாடிக்குள் இத்தனையும் ஒரேநேரத்தில் நுழைகின்றன.

முதல் வேலை வீடியோக்காரரோடு பேசுவது. அவருடைய லைற் உங்கள் லென்சைப் பார்த்து அடிக்கிறதா என்று நின்று பாருங்கள். பக்கத்து லைற்றை ஒரு அடி பின்னால் நகர்த்தினாலே வெளுப்புப் பாதி குறையும். அவர் நகர்த்த முடியாது என்றால் நீங்கள்தான் அந்த லைற் நிற்கும் பக்கத்துக்கு மாறவேண்டும். அப்போது அது உங்களுக்குப் பின்னால் போய்விடும்.

இரண்டாவது நிறம். நீலமும் ஊதாவும் பின்னால் எரிந்தால் அந்த நிறமே கசிந்து பெண்ணின் காதோரத்திலும் கன்னத்தின் விளிம்பிலும் ஒட்டும். வைற் பலன்சில் இதைத் திருத்த வழியில்லை; முகத்தின் நடுப்பகுதி ஒரு நிறம், விளிம்பு வேறு நிறம். அலங்காரம் செய்பவரிடம் சடங்கு முடியும் வரையாவது இளமஞ்சள் வெள்ளையில் நிறுத்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால் எண் 1/8 ஐத் தாண்ட வேண்டாம்.

எஃப் 2.8, 1/160, ஐ.எஸ்.ஓ. 1600 என்பது நடுத்தர வெளிச்சமுள்ள மண்டபத்தில் தொடக்கம். பிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்புவதானால் கூரை வெள்ளையா, எட்டும் உயரமா என்று முதலில் பாருங்கள்.

தாலி கட்டும் நேரத்தில் பில்ரர் வேண்டாம். மேளம் கொட்டும் அந்தச் சில விநாடி திரும்பி வராது. கைகள் குறுக்கிடும், எதிர்ப்பக்கப் பிளாஷ்கள் உங்கள் கண்ணாடியில் பாயும், போக்கஸ் தேடும். கூறைச் சேலை மாற்றி வந்த பின் பெண்ணைத் தனியாக நிறுத்தி எடுக்கும் படம், விளக்கேற்றும் படம், மாலை வரவேற்பில் பின்னணித் தோரணத்தோடு சோடியாக எடுக்கும் படம் – பில்ரரின் இடம் இவை.

விளக்குப் படம்

சாமத்தியச் சடங்கிலும் கலியாணத்திலும் குத்துவிளக்கோடு ஒரு படம் எல்லோரும் கேட்பார்கள். அறை லைற்றை அணைத்து ஐந்து திரியையும் ஏற்றினாலும், முக்கால் மீற்றர் தள்ளியிருக்கும் முகத்துக்கு விழும் வெளிச்சம் குறைவுதான்: எஃப் 1.8 அல்லது 2, 1/60 முதல் 1/100, ஐ.எஸ்.ஓ. 6400. பக்கத்து அறைக் கதவைத் திறந்து சிறிது வெளிச்சம் விட்டால் 3200 இல் முடியும். அந்தச் சிறு நிரப்பு இருந்தால் சுடருக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி குறைந்து ஒளிவட்டமும் அளவாக வரும்.

சுடர் முகத்தோடு ஒட்டித் தெரியக்கூடாது. கமராவிலிருந்து பார்க்கும்போது சுடருக்கும் கன்னத்துக்கும் இடையில் ஒரு முகத்தின் அகலமாவது இருட்டு இருக்கட்டும். ஒளிவட்டம் விழுவதற்கு அந்த இருட்டு வேண்டும். 50 மி.மீ. லென்சில் 1/4 இங்கே நன்றாக வரும். சுடருக்கும் முகத்துக்கும் பின்னால் தங்கச் சரிகைத் திரை இருந்தால் அகற்றுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதியில் கற்பூரம் கொளுத்தும் இடத்தில் எடுப்பவர்களுக்கும் இதே விதி. கற்பூரச் சுவாலை திரியைவிடப் பல மடங்கு பெரிது, 1/8 போதும்.

வெளிச்ச அளவும் போக்கசும்

மெல்லிய மிஸ்ட் பில்ரர் விழுங்கும் ஒளி மிகச் சொற்பம். 1/8, 1/4 இரண்டும் ஏறத்தாழ மூன்றிலொரு ஸ்ரொப்புக்குள் அடங்கும். கமராவின் மீற்றர் அதைத் தானே சரிக்கட்டும். கையில் பிடிக்கும் மீற்றர் பாவிப்பவர்கள் மட்டும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இருளிலிருந்து வெளிச்சம் வரையான பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்ரோகிராமின் இடது முனை உள்ளே தள்ளி நிற்கும். கறுப்பு உயர்ந்திருப்பதன் அடையாளம் அது. படம் கூடுதலாக வெளிச்சமாகிவிட்டது என்று நினைத்துக் குறைத்தால், முகம் இருண்டு பின்னர் தூக்கும்போது இரைச்சல் கிளம்பும். பார்க்கவேண்டியது வலது முனை. கன்னத்தின் வெளிச்சப் பக்கம் உச்சத்தில் அடித்தால் மூன்றிலொரு ஸ்ரொப் குறையுங்கள். சுடரும் லைற்றும் உச்சத்தில் அடிப்பது சரிதான்.

1/8 இல் கண் தேடும் போக்கஸ் வழக்கம்போல வேலை செய்யும். 1/4 உம் எதிர்வெளிச்சமும் சேர்ந்தால் கமரா கண்ணைப் பிடிக்கத் தடுமாறலாம். குடையாலோ கையாலோ லென்சுக்கு நிழல் கொடுத்துப் போக்கஸ் பிடித்து, பூட்டி, பிறகு எடுங்கள்.

பின்னணியில் மங்கித் தெரியும் தோரண விளக்குகளின் வட்டங்களுக்குள் பொட்டுப் பொட்டாக மணல் தூவினாற்போலத் தெரிந்தால், அது துகள்களின் நிழல். எண்ணைக் குறையுங்கள், அல்லது விளக்குகளைப் பிரேமில் குறையுங்கள். படம் திடீரென்று வழக்கத்தைவிட அதிகம் வெளுத்தால் கண்ணாடியைத் திருப்பிப் பாருங்கள். ஏ.சி. வாகனத்திலிருந்து இறங்கிய கையோடு ஈரம் படிந்திருக்கும், அல்லது யாரோ விரல் வைத்திருப்பார்கள். விரற்பதிவின் கசிவு ஒரே திசையில் கோடாக இழுபடும். அதை வைத்தே இனங்காணலாம். ஈரப் பிரச்சினைக்குப் பையை மூடியபடியே கால் மணிநேரம் வெளியில் வைத்து, பிறகு திறக்கவேண்டும்.

திருத்தமும் அச்சும்

லைற்றூமில் முதலில் கறுப்புக்கு ஒரு தளம் வையுங்கள்: பிளாக்ஸ் −10 முதல் −20 வரை. கூந்தலின் மிக இருண்ட இடம் 0 முதல் 255 வரையான அளவில் 10 ஐ ஒட்டி நின்றால் போதும். மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் 5 இலிருந்து 10 க்குள். அதற்கு மேல் போனால் ஒளிவட்டம் போகாது. அழுக்கு வளையமாக மாறி நிற்கும். கிளாரிட்டியைத் தொடவேண்டாம், பில்ரர் செய்ததை அது குலைத்துவிடும். தோலுக்கு ஏதாவது செய்யவேண்டுமானால் டெக்ஸ்சர் −5 முதல் −10 வரை, முகத்துக்கு மட்டும். பருவை வழக்கம்போலக் கையால்தான் எடுக்கவேண்டும்.

திரையில் வடிவாகத் தெரிந்த மெல்லிய சாம்பற் கறுப்பு, மினுக்கமில்லாத மற் தாளில் அடித்தால் இன்னும் சாம்பலாகிப் பழைய படம் போல வரும். மற் தாளின் கறுப்பே அவ்வளவு ஆழமில்லை. அல்பத்துக்குப் போகும் பிரதியில் பிளாக்ஸை இன்னும் 5 முதல் 10 வரை இறக்கி, முழு அல்பமும் அடிக்கக் கொடுக்கும் முன் ஒரு பக்கத்தை மட்டும் அடித்துப் பாருங்கள்.

பராமரிப்பு

கசூரினா, மணற்காடு, கீரிமலை என்று கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும். காய்ந்த உப்பை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறும். முதலில் புளோவரால் ஊதி, பிறகு லென்ஸ் திரவத்தைத் துணியில் நனைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமிட்டுத் துடையுங்கள். திரவத்தைக் கண்ணாடியில் நேரே ஊற்ற வேண்டாம். டிஃபன் போன்றவற்றில் துகள் படலம் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கும். விளிம்பால் ஈரம் புகுந்தால் படலம் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். மலிவான சிலவற்றில் படலமே மேற்பரப்பில் இருக்கும். அவற்றை அழுத்தித் தேய்த்தால் விளைவும் சேர்ந்து தேயும். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் சிலிக்கா ஜெல் பொதியோடு மூடிய பெட்டியில் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த மிஸ்ட் பில்ரரை வெறுங்கண்ணால் கண்டுபிடிப்பது கடினம்.

அலுமினிய வளையம் உப்புக்காற்றில் லென்சோடு இறுகிப்போகும். பூட்டும்போது கடைசித் திருப்பை இறுக்காமல் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே இறுகிவிட்டதென்றால் வளையத்தின் விளிம்பைச் சுற்றி அகலமான றப்பர் பட்டி ஒன்றைப் போட்டு, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு விரலால் நெரித்துப் பிடித்தால் வட்டம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும்.